இரண்டடி உயரம்

புயல் போன மறுநாள்
மல்லிப்பட்டினம் துறையில்
படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன,
கல்யாண வீட்டு வாசல் செருப்புகள் மாதிரி.
எது யாருடையது என்று
எண்ணைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.
எண் எழுதிய பலகை போனவர்கள்
இன்ஜினைத் தேடினார்கள்.
இன்ஜினும் போனவர்கள்
டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சேதம் பார்க்க வந்தவரின் தாளில்
இரண்டே கட்டங்கள்:
முழுச் சேதம், பகுதிச் சேதம்.
என் அண்ணன் சிக்கந்தரின் படகு
முன்பாதி வாய்க்காலிலும்
பின்பாதி பள்ளிவாசல் சுவரோரமும் கிடந்தது.
"ரெண்டு தடவை பகுதின்னு போட்டுக்குங்க சார்,
கூட்டினா முழுசாயிடும்."
அவர் சிரிக்கவில்லை.
முழு என்று எழுதிக்கொண்டு
அடுத்த படகுக்குப் போனார்.

நான் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவள்.
புயலுக்கு முந்தின நாளின் கடைசி வரி
என் நோட்டில் அப்படியே இருக்கிறது:
நண்டு, பதினொன்றரைக் கிலோ, வீரசேகர், பாக்கி.
அதற்குக் கீழே
பதினான்கு மாதம் வெறும் கோடு.

ஐஸ் பிளாண்ட்டின் தகரக் கூரை
பேராவூரணிப் பக்கம்
ஒரு தென்னந்தோப்பில் கிடைத்தது.
தோப்பும் படுத்துத்தான் கிடந்தது,
கூரை அதைப் போர்த்தியிருந்தது.
தையல் தெரிந்தவர்கள் திருப்பூருக்குப் போனார்கள்.
தெரியாதவர்கள் அங்கே போய்க் கற்றுக்கொண்டார்கள்.
ஊரில் லீவு போடாமல் வேலை பார்த்தது
சேறு ஒன்றுதான்.
நாங்கள் கடைமடை.
காவிரி தண்ணீராக வரும்போது
எங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர்.
சேறாக வரும்போது
வரிசையே கிடையாது.

பிறகு புதுத் தளம் வந்தது.
கான்கிரீட், மஞ்சள் பட்டை, சோலார் விளக்கு,
பெயர்கள் செதுக்கிய ஒரு கறுப்புக் கல்.
அடுத்த புயலை மனதில் வைத்து
பழையதைவிட இரண்டடி உயர்த்தியிருந்தார்கள்.
வரைபடத்தில் அடுத்த புயல் இருந்தது.
தினம் இரண்டு வேளை இறங்குகிற கடல்
இல்லை.

பெரிய படகுக்குப் பரவாயில்லை.
நாட்டுப்படகு வத்தத்தில் வந்து நின்றால்
கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பவன்போல
அண்ணாந்து பார்க்கும்.
முதல் நாள், முதல் கூடை.
கீழிருந்து ஒருவன் தலைக்குமேல் தூக்க
மேலிருந்து நாகவடிவு
வயிற்றை விளிம்பில் அழுத்திக் குனிய
விரலுக்கும் கூடைக்கும் நடுவே
ஒரு சாண்.
நண்டுகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குப் போயின.

"அடுத்த நிதியில் படிக்கட்டு" என்றார் இன்ஜினியர்.
நாகவடிவு அவரைப் பார்க்கவில்லை.
பள்ளிவாசல் சுவரோரம் பார்த்தாள்.

பணம் கொடுத்து முடித்த படகு அது.
காகிதத்தில் அப்படி ஒன்று கிடையாது.
இல்லாத படகை
ஒன்பது பெண்களும் ஒரு டிராக்டரும்
இழுத்து வந்தோம்.
அறுத்த பலகையை டயரோடு சேர்த்து,
பழைய வலைக்கயிற்றால்
தளத்தின் இரும்பு வளையத்தில் கட்டினோம்.
ஐந்து படி.
தண்ணீர் ஏறினால் இரண்டு முழுகும்,
இறங்கினால் ஐந்தும் தெரியும்.

மூன்றாவது படியில் எண் இருக்கிறது.
நீலப் பெயிண்ட், பாதி உரிந்தது.
ஆறு மாதத்தில் எங்கள் குதிகால்
ஒரு பூஜ்யத்தைத் தேய்த்துவிட்டது.
அண்ணன் இப்போது வேறொருவர் படகில்
பங்குக்குப் போகிறான்.
கூடையோடு ஏறும்போது
இரண்டிலிருந்து நான்குக்குத் தாண்டுகிறான்.
விழப்போகிறாய் என்று நாகவடிவு திட்டுவாள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

வீரசேகர் நேற்று ஏலத்துக்கு வந்தான்.
பழைய பாக்கி என்றேன்.
"அது புயலோட போச்சே அக்கா."
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
உப்பு ஊறி விறைத்த தாள்,
எழுத்து கொஞ்சம் பரவியிருந்தது.
பதினொன்றரையைக் குனிந்து பார்த்துவிட்டு
"பதினொண்ணுதானே" என்றான்.